டாக்டர் ஹால்வர்சன் போடாத கோட்டு

ஹாலோவீனுக்கு உங்கள் மகளுக்குப் பெண் விஞ்ஞானி வேடம் போட்டபோது முதலில் எதை எடுத்து மாட்டினீர்கள்? யோசிக்க வேண்டாம், எனக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டு. அந்த அம்மையார் தன் வாழ்நாளில் ஒரு நாளாவது அப்படி ஒரு கோட்டைப் போட்டாரா என்று யாரிடமாவது விசாரித்தீர்களா?

எங்கள் ஊரில் யாரும் விசாரிக்கவில்லை. எதிர்வீட்டு டெல்ஃபின் வாண்டா மட்டும் விசாரிக்காமலே பதில் தெரிந்தவராக இருந்தார். அதுதான் வினையாகிப் போனது.

டெல்ஃபினுக்கு எழுபத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போலந்திலிருந்து வந்து விஸ்கான்சின் மணலில் உருளைக்கிழங்கு போட்ட குடும்பத்தில் ஆறாவது பெண். பள்ளிக்கூடம் முடித்த இரண்டாம் வருடம் ஊருக்கு வெளியே இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்தொன்பது வருடம் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் உணவுவிடுதியில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் போடும் மீன் வறுவலுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார். ஒரே ஒரு கோப்பை பிராந்தி குடிப்பார். அந்த ஒன்று முடிவதற்குள் ஊரில் நாலு பேரைப் பற்றிய உண்மைகள் வெளியே வந்துவிடும்.

அவரிடம் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. மளிகைக் கடைக்கு நேர்வழி ஹால்வர்சன் சாலை, இரண்டு மைல். டெல்ஃபின் நாலரை மைல் சுற்றித்தான் போவார். கேட்டால், "அந்த ரோட்டுல ஒரே குழி" என்பார். புதுத் தார் போட்ட மறுநாளும் குழி என்றுதான் சொன்னார்.

சாலைக்குப் பெயர் கொடுத்தவர் டாக்டர் இங்கா ஹால்வர்சன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டம் முழுக்க உருளைச் செடிகளின் இலை சுருண்டது. கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு மேல் வளரவில்லை. கடவுளின் கோபம் என்று பாதிரியார் ஒருவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். கடவுளுக்கு உருளைக்கிழங்கின் மேல் அப்படி என்ன கோபமோ! நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினிப் பூச்சி என்பது முன்பே தெரிந்த விஷயம். தண்ணீர் கல்லாகும் எங்கள் குளிர்காலத்தை அந்தத் துளிப் பூச்சி எங்கே கழிக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஹால்வர்சன் கண்டுபிடித்தார்: வாய்க்கால் ஓரத்துக் காட்டுப் பிளம் புதர்களில், முட்டையாக. புதர்களை வெட்டினார்கள். மூன்றாம் வருடம் கிழங்கு பழைய அளவுக்கு வந்தது.

அவருக்கு அந்தச் சாலை தகும். பல்கலைக்கழகத்து ஆண்கள் ஒன்பது வருடம் பதவி உயர்வு தராமல் அவரை இழுத்தடித்தார்கள். கூட்டங்களில் காபி ஊற்றச் சொன்னார்கள். அவர் ஒரு முறைகூட ஊற்றவில்லை. இதெல்லாம் டெல்ஃபினுக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், காகிதம் கொடுத்த கம்பெனிக்கும் கீழே, பொடி எழுத்தில், 'உதவிக்கு நன்றி: டி. வாண்டா' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அவர் எனக்குப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டியிருக்கிறார். ஹால்வர்சனின் கார், கையெழுத்து, அறுபது வயதிலும் நரைக்காத தலை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை அந்த எரிச்சல். ஒன்பது வருடத்துக்கு முன் ஹால்வர்சன் இறந்தபோது சவ ஊர்வலத்தில் எழுபத்தோரு கார் வந்ததாக டெல்ஃபின்தான் சொன்னார். சன்னலோரம் நின்று எண்ணியிருக்கிறார்.

போன அக்டோபர் நடுவில் ஒரு நாள் நான் டெல்ஃபினின் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக் கிறிஸ்டின் பின்கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். அவளுடைய மகள் மேரன் நாலாம் வகுப்பு.

"டெல்ஃபின், உங்ககிட்ட பழைய லேப் கோட்டு ஏதாச்சும் இருக்குமா?"

"எதுக்கு?"

"ஸ்கூல்ல மெழுகுப் பொம்மைக் காட்சி வருதுல்ல? இந்த வருஷம் பெண் விஞ்ஞானிங்க. ஏற்கெனவே மூணு மேரி கியூரி ஆயாச்சாம். நாலாவது வேணவே வேணாம்னு டீச்சர் கெஞ்சுறாங்க. அதான் யோசிச்சோம், நம்ம ஊர்லயே ஒருத்தங்க இருந்தாங்களே, அந்த உருளைக்கிழங்கு நோயக் கண்டுபிடிச்சாங்களே..."

காபியைக் கலக்கிய கரண்டி நின்றது. டெல்ஃபினின் முகம் மெல்ல மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"...டாக்டர் ஹால்வர்சன்!" என்று முடித்தாள் கிறிஸ்டின்.

கரண்டி மறுபடி சுற்றியது. "அவ கோட்டே போட்டதில்ல."

"ஐயோ, கோட்டு இல்லாட்டி விஞ்ஞானின்னு எப்படித் தெரியும்?"

"பழுப்பு ஸ்வெட்டரு. முழங்கையில ஓட்டை. கால்ல ஆம்பளைங்க போடுற ரப்பர் பூட்ஸு. அவ்வளவுதான் அவ."

"அப்படி அனுப்புனா மாடு கறக்கப் போறவன்னுல்ல நினைப்பாங்க!"

"அவளப் பாத்தும் அப்படித்தான் நினைச்சாங்க. அந்தப் பண்ணையில கோட்டு போட்டது நான் ஒருத்திதான். பூச்சி போட்டு வெக்கிற ஆல்கஹாலு மேல தெறிக்கும்னு."

"அப்ப உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுங்க!" என்று கைதட்டினாள் கிறிஸ்டின். அவளுக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

கொடுத்துவிட்டார். இடது பையின் மேல் சிவப்பு நூலில் 'டெல்ஃபின்' என்று தைத்த கோட்டு. கிறிஸ்டின் போனதும் கேட்டேன், "ஏன் குடுத்தீங்க?"

"குடுக்காட்டி பொறாமைம்பா."

"பொறாமைதானே?"

"அது எனக்குத் தெரியும். அவ சொல்லக் கூடாது."

இரண்டு நாள் கழித்து மேரன் வேடத்தைக் காட்ட வந்தாள். கோட்டின் கை அவளுக்கு முழங்கால் வரை தொங்கும் நீளம், மடித்துக் குத்தியிருந்தார்கள். பையின் மேல் ஒரு துணிப் பட்டை ஒட்டியிருந்தது: 'டாக்டர் ஹால்வர்சன்'. சிவப்பு நூல் அடியில் மறைந்துபோயிருந்தது. "அழகா இருக்கு" என்றார் டெல்ஃபின். வெளியே போய், பனியை உருக்கப் போடும் உப்பைப் பனியே இல்லாத படிக்கட்டில் தூவிவிட்டு வந்தார்.

எங்கள் பள்ளியில் ஆறு வருடமாகப் பேய், பிசாசு வேடங்களுக்குத் தடை. பேய் இல்லை என்று தெரிந்து தடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்த பெற்றோர் சிலர் புகார் கொடுத்ததால் வந்த தடை அது. பதிலுக்கு, ஹாலோவீன் அன்று நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களின் வேடத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில் மெழுகுப் பொம்மை போல அசையாமல் நிற்பார்கள். காலடியில் ஒரு சிவப்புக் காகித வட்டம் இருக்கும். நாம் அதை மிதித்தால் பொம்மைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும். முடிந்ததும் மறுபடி பொம்மை. மதியம் ஒரு காட்சி, வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை ஐந்து மணிக்கு இன்னொன்று.

மதியக் காட்சிக்கு டெல்ஃபின் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்தார். மூன்று மேரி கியூரிகளும் பச்சையாக ஒளிரும் குச்சிகளோடு வரிசையாக நின்றார்கள். அவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக மேரனிடம் போய் வட்டத்தை மிதித்தார்.

"வணக்கம்! நான்தான் டாக்டர் இங்கா ஹால்வர்சன்" என்று மேரன் உயிர் பெற்றாள். "பூச்சிகளைப் பிடிக்கக் கேக் தட்டுகளில் மஞ்சள் வண்ணம் பூசி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வயலெங்கும் வைத்தேன். தினமும் அறுபது தட்டு. நாற்பதாயிரம் பூச்சிகளைத் தன்னந்தனியாக எண்ணினேன்..."

"எண்ணல" என்றார் டெல்ஃபின்.

மேரன் பேச்சை நிறுத்தி உறைந்தாள்.

"நீ ஒண்ணுகூட எண்ணல. கண்ணாடி போட்டும் உனக்கு ரெண்டடிக்கு அந்தாண்ட தெரியாது. தட்டுக்கு வண்ணம் அடிச்சதுகூட நீ கெடையாது."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்டின் கையில் பிஸ்கட்டோடு அப்படியே நின்றாள். அன்று அந்தக் கூடத்தில் அவள்தான் அசல் மெழுகுப் பொம்மை.

மேரன் உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்: "மிஸ் வாண்டா, நான் பொம்மை. நடுவுல பேசக் கூடாது. திருப்பி மிதிங்க."

மிதித்தார். பிள்ளை மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். டெல்ஃபின் பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டு, சோப்பு, நாற்பதாயிரம், பிளம் புதர், சாலைக்குப் பெயர் வைத்தது எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் கேட்க வேண்டியதாயிற்று.

கதை முடிந்ததும் மேரன் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "அப்ப யாரு எண்ணுனா?"

"நான்."

"புதர்ல இருக்குன்னு கண்டுபிடிச்சது?"

"அதுவும் நான்தான். அவளுக்குச் சொன்னதே நான்."

"ஆதாரம் இருக்கா? டீச்சர் ஆதாரம் இல்லாம எழுதக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

அந்தப் பள்ளியின் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே தணிந்தது. டெல்ஃபினுக்கும் கேள்வி பிடித்திருந்தது. ஐம்பது வருடத்தில் யாரும் அவரிடம் ஆதாரம் கேட்டதில்லை, ஏனென்றால் யாரும் அவரிடம் எதுவுமே கேட்டதில்லை. "அஞ்சு மணிக்குக் கொண்டாரேன்" என்றார்.

அவர் வீட்டு நிலவறையில் பச்சை அட்டை போட்ட வயல் நோட்டுகள் பதினொன்று இருந்தன. பண்ணையில் தூக்கிப் போட இருந்தபோது அவர் எடுத்து வந்தவை. இப்போது அவர் கண்ணுக்கு நடுவில் கறுப்பாக மறைக்கிறது, பெரிய எழுத்துதான் தெரியும். அதனால் என்னைப் படிக்கச் சொன்னார்.

"எழுபத்தொண்ணு. மே மாசம். பத்தொம்பதாந் தேதி."

அந்தத் தேதி எனக்கும் மனப்பாடம். காலையில் அவர் தனியாக வாய்க்கால் ஓரம் நடந்தது, ஒரு பிளம் இலை சுருண்டிருந்ததைக் கண்டது, அதைப் பிரித்துப் பார்த்தது. எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்ட கதை. பக்கத்தைக் கண்டுபிடித்தேன். உருண்டையான, பொறுமையான கையெழுத்து, சந்தேகமில்லாமல் அவருடையது. உரக்கப் படித்தேன்.

"காலை ஆறரை. பதினாலாம் தட்டு, முப்பத்தொன்று. பதினைந்தாம் தட்டு, நாற்பத்துநாலு. உருளை இன்னும் முளைக்கவில்லை. எ. பிளம் கிளை ஒன்றை ஒடித்து வந்து காட்டினாள். சுருண்ட இலைக்குள் முழுக்கப் பூச்சி. உன் தட்டில் விழுவது இங்கிருந்துதான் என்கிறாள்."

நிறுத்தினேன்.

"மேல படி."

"எ. யாரு?"

"மறுபடி படி" என்றார். படித்தேன். இன்னொரு முறையும் படிக்கச் சொன்னார்.

"எல்வீரா" என்றார் கடைசியில். "டெக்சாஸ்லேருந்து மே மாசம் ஆளுங்க வருவாங்க, வெதக்கெழங்கு வெட்ட. அதுல ஒருத்தி. அவ சுட்ட ரொட்டிய நான் தின்னுருக்கேன். என் சாண்ட்விச்ச அவளுக்குக் குடுப்பேன், அவளுக்கு அது புடிக்காது, மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே திம்பா." சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "நான் பொய் சொல்லல. நெசமாவே நான் பாத்ததாத்தான் எனக்கு ஞாபகம். அந்த எல நான் பாத்த எலதான்."

நம்பினேன். ஒரே காட்சியை ஐம்பது வருடம் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தால் அதிலிருக்கும் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விடுகிறார்கள்.

"முழுப் பேரு என்ன?"

உதடுகள் இரண்டு மூன்று முறை அசைந்தன. "எல்வீரா..." அவ்வளவுதான் வந்தது. பிறகு என்னைப் பார்க்காமல், "அந்தப் பக்கம் மட்டும் ஈரம் பட்டு அழிஞ்சிருச்சுன்னு சொன்னா என்ன?" என்றார்.

"அழியலன்னு நான் சொல்லுவேன்."

"உனக்கு ஊரு நியாயந்தான் பெருசு. எதுத்த வீட்டுக்காரி பெருசில்ல."

ஐந்து மணிக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டே என் காரில் வந்தார். கூடத்தில் இப்போது கூட்டம் அதிகம். வட்டத்தை அவர் மிதித்ததும் மேரன் புதுக்கதை சொன்னாள். ஆதாரம் வருகிறது என்ற நம்பிக்கையில் மதியத்திலிருந்து உட்கார்ந்து மாற்றி எழுதியிருக்கிறாள்.

"வணக்கம்! நான்தான் டாக்டர் இங்கா ஹால்வர்சன். ஆனால் பூச்சிகளை எண்ணியது நான் இல்லை. புதரைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. இரண்டையும் செய்தது மிஸ் டெல்ஃபின் வாண்டா. நான் போட்டிருப்பது அவருடைய கோட்டு!" சொல்லிவிட்டுப் பையின் மேலிருந்த பட்டையைப் பிய்த்தாள். அடியில் சிவப்பு நூல்.

கூடம் கைதட்டியது. கிறிஸ்டின் அழுதேவிட்டாள். உருளை விவசாயி ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து டெல்ஃபினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்கப்பா நெலத்தக் காப்பாத்துனது நீங்களா? இத்தன நாளா மீன் வறுவலுக்குப் பக்கத்து மேசையிலதானே உக்காந்திருக்கீங்க!" டெல்ஃபின் நன்றி சொன்னார். முகம் சிவந்து, இருபது வயதுப் பெண் போல இருந்தார். நோட்டு கக்கத்தில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிஸ்கட் மேசைக்கு அருகில் என்னை ஒதுக்கிப் பிடித்தார். "இப்ப சொன்னா என்ன ஆவும் தெரியுமா? எல்லாரும் எல்வீரா எல்வீராம்பாங்க. பேரு தெரியாதவங்கிறதாலயே அவள இன்னும் ஒசத்துவாங்க. ஐம்பது வருஷத்துல எனக்குக் கெடச்சது ரெண்டு நிமிஷம்."

அவர் ஒரு பூசணி பிஸ்கட்டை முழுக்கத் தின்றார். விரல்களைத் துடைத்தார். பிறகு திரும்பி நடந்தார். வட்டத்தை மிதித்தவர், மேரன் வாய் திறப்பதற்குள் நோட்டை அவள் முகத்துக்கு நேரே விரித்தார்.

"ஆதாரம் கேட்டேல்ல? படி."

பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எ. அப்படின்னா?"

"எல்வீரா. அவதான் மொதல்ல பாத்தா. நான் எண்ணுனேன். எழுதுனேன்."

"அப்ப டாக்டர் என்ன செஞ்சாங்க? சும்மாவா இருந்தாங்க?"

டெல்ஃபின் நோட்டை மூடினார். அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அவர் இத்தனை வருடம் நாலரை மைல் போய்வந்திருக்கிறார்.

"சும்மா இல்ல" என்றார். ஒவ்வொரு சொல்லும் பல் பிடுங்குவது போல வந்தது. "பாத்துட்டா, எண்ணிட்டா ஆச்சா? புதர்ப் பூச்சிதான் வயலக் கெடுக்குதுன்னு யாரு நம்புவா? அவ முன்னூறு செடிய வலைக்கூண்டு கட்டி வளத்தா. எல்லாக் கூண்டுலயும் ஒரு சீக்குச் செடி வெச்சா. பாதிக் கூண்டுல பிளம் பூச்சிய விட்டா, பாதியில விடல. விட்ட கூண்டுல அத்தனையும் சுருண்டுது, விடாததுல ஒண்ணும் ஆவல. அப்பவும் நம்பாம அடுத்த வருஷம் திருப்பிச் செஞ்சா. அந்தப் பாதிய விடாம வெக்கணுங்கிற புத்தி இருக்குல்ல... அது எனக்கு வந்திருக்காது."

"ஒரு கோட்டுக்குள்ள மூணு பேரு எப்படி நிக்கிறது?" என்று கவலைப்பட்டாள் மேரன். நேரமில்லை, அடுத்தவர் மிதித்துவிட்டார். கடைசி அரை மணி நேரம் அவள் எல்லாவற்றையும் குழப்பினாள். ஒரு முறை எல்வீரா கூண்டு கட்டினாள், ஒரு முறை டெல்ஃபின் ரொட்டி சுட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டெல்ஃபின் திருத்திக்கொண்டே இருந்தார். ஹால்வர்சன் எண்ணியதாக வந்தபோது மட்டும் திருத்திய குரல் கொஞ்சம் உரக்க இருந்தது.

குளிர்காலம் முழுக்க நாங்கள் தேடினோம். பண்ணையின் பழைய கோப்பில் அந்த வருடத்துக் கூலியாட்களை அழைத்து வந்த மேஸ்திரியின் பெயர் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே 'பெண்கள், பதினொன்று' என்று இருக்கிறது. அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பத்திரிகைகள் இரண்டில் டெல்ஃபின் விளம்பரம் கொடுத்தார். ஒரு கடிதம் வந்தது, அது வேறு எல்வீரா. பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். முன்பு ஒருத்தி மேல் இருந்தது, இப்போது இரண்டு பேர் மேல். "அவ என்னை விடச் சின்னவ. கண்ணு இன்னும் நல்லாத் தெரியும் அவளுக்கு" என்று போன வாரம் என்னிடம் முணுமுணுத்தார். ஆனாலும் மூன்றாவது விளம்பரத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

படிப்பவரே, உங்கள் ஆய்வகத்திலோ பண்ணையிலோ அலுவலகத்திலோ உங்களுக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டியவர் ஒருவர் இருப்பார். உங்கள் குறிப்பில் அவர் ஓர் எழுத்தாகவோ, 'உதவியாளர்' என்றோ, 'பெண்கள்' என்ற எண்ணிக்கையாகவோ இருப்பார். அவர் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறார், நாளை இருப்பாரா என்று சொல்ல முடியாது. இந்த வாரம் முடிவதற்குள் அவரிடம் போய் முழுப் பெயரைக் கேளுங்கள், ஊரையும் கேளுங்கள். கேட்டதை, அவர் சொன்ன விஷயத்துக்கு நேராக, மையில் எழுதுங்கள்.